மேனிலை வகுப்பும் கலை, விளையாட்டுப் பயிற்சியும்

பத்தாம் வகுப்பின் தேர்வு முடிவு வந்த மறுவாரமே பல இல்லங்களில் வீணை உறைக்குள் சென்றுவிடுகிறது. மட்டையும் பந்தும் பரணுக்கு ஏறுகின்றன. "இனி இரண்டு ஆண்டுகளுக்குப் படிப்பு ஒன்றுதான்" என்று பெற்றோர் தீர்ப்பளித்துவிடுகின்றனர். வேறு சில இல்லங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. கல்லூரியில் இடம் பெற உதவும் என்று எவரோ கூறக் கேட்டு, சிலம்பம், சதுரங்கம், ஓவியம், கராத்தே என ஒரே வேளையில் நான்கு வகுப்புகளில் பிள்ளையைச் சேர்த்துச் சான்றிதழ்களைத் திரட்டுகின்றனர். இரண்டு வழிகளையும் நாம் ஏற்பதில்லை. கல்லூரிகள் உண்மையில் எதைக் கேட்கின்றன என்று அறிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

தமிழகத்தில் மேனிலைக் கல்வி 1978ஆம் ஆண்டு தொடங்கியது. பொறியியற் கல்விக்கு 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டது. இன்று கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டே தரவரிசை அமைக்கின்றனர். இக்கணக்கில் பாட்டுக்கும் நடனத்துக்கும் அரை மதிப்பெண் கூடக் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்கெனத் தனியே 500 இடங்கள் உண்டு. ஆனால் தெருக்கோடிக் கழகம் நடத்திய போட்டியில் வென்ற கோப்பை அங்கே செல்லாது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றே வேண்டும். மருத்துவக் கல்விக்கு நீட் மதிப்பெண்ணே முதன்மையானது என்பதை எல்லோரும் அறிவர்.

கலைக்கு இடம் தருவோரும் இல்லாமல் இல்லை. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் கலைத்திறனுக்கும் விளையாட்டுக்கும் தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024ஆம் ஆண்டு விளையாட்டில் சிறந்தோருக்கும், 2025ஆம் ஆண்டு நுண்கலையில் சிறந்தோருக்கும் ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக 2 இடங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று பெண்களுக்கே உரியது. இச்செய்தியைப் படித்துவிட்டு உடனே வயலின் வாங்கக் கடைக்கு ஓட வேண்டா! அவ்விடத்துக்கு விண்ணப்பிப்போர் முதலில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையில் இடம் பெற்றிருத்தல் வேண்டும். அதன்மேல் கலைத்திறனுக்கும் தேசிய அளவிலான சான்று கேட்கின்றனர். கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையத்தின் உதவித்தொகை அத்தகைய சான்றுகளுள் ஒன்று. அதற்கு விண்ணப்பிக்கும் வயதே 10 முதல் 14 வரைதான். பதினொன்றாம் வகுப்பில் சான்றிதழுக்காக இசை கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு இக்கதவுகள் திறவா. ஆறு வயது முதல் கற்றுவரும் பிள்ளையை அதே பதினொன்றாம் வகுப்பில் நிறுத்துவதோ, கையிலிருக்கும் பொருளைக் கிணற்றில் இடுவது போன்றது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அங்கு பல கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பத்தில் 10 செயற்பாடுகள் வரை குறிக்கலாம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி, ஆண்டில் எத்தனை வாரம் என்று உடனே கேட்கின்றனர். பத்துக் கட்டத்தையும் நிரப்ப முனைவோர் இக்கேள்வியில் இடறுகின்றனர்.

சான்றிதழை ஒதுக்கிவிட்டு நேரத்தைப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி. உறக்கம் நாளொன்றுக்கு 8 வீதம் 56. பள்ளி, போக்குவரத்து, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு ஆகியவற்றுக்கு 50. குளியல், உணவு முதலியவற்றுக்கு 21. வீட்டுப் படிப்பு நாளொன்றுக்கு 4 வீதம் 28. எஞ்சுவது 13 மணி. இதில் இசைக்கோ விளையாட்டுக்கோ 4 மணி ஒதுக்கினால் படிப்பு எங்கும் குறைவதில்லை. நான்கு வகுப்புகள் என்றால் உறக்கத்திலிருந்துதான் திருட வேண்டும். இக்கணக்கைப் பெற்றோர் போட்டுக் கொடுத்தல் கூடாது; பிள்ளையே தாளெடுத்து எழுதவேண்டும். எழுதும்போது கைப்பேசிக்குச் செல்லும் நேரத்தையும் மறைக்காமல் எழுதட்டும். வீணையை நிறுத்திய இல்லங்களில் மிச்சமான நேரம் புத்தகத்துக்குப் போயிற்றா, கைப்பேசிக்குப் போயிற்றா என்று அப்போது தெரிந்துவிடும்.

நம் இல்லங்களுக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்புடைய பிள்ளை, பள்ளி விட்டு நேரே தனிப்பயிற்சிக்குச் சென்று இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினால் பசியோடு உறங்க நேரிடும். பள்ளிக்கும் பயிற்சிக்கும் இடையே உண்பதற்கு அரைமணி ஒதுக்கி, உணவையும் அன்னையர் உடன் கொடுத்தனுப்ப வேண்டும். பசித்த வயிற்றில் இயற்பியல் ஏறாது. இயன்றால் காலை நேரப் பயிற்சி வகுப்பே நன்று.

ஆண்டின் போக்கையும் கருதவேண்டும். பதினொன்றாம் வகுப்பில் போட்டிகளுக்கும் முகாம்களுக்கும் தாராளமாக இடம் தரலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் பெரும்பாலும் விடுமுறையில் வருவதால் வகுப்புக்கு இழப்பில்லை. அம்முகாமுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவோருக்கு, அனுப்புங்கள் என்றே கூறுவோம். பன்னிரண்டாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு வரை வழக்கம்போல் நடக்கட்டும். சனவரியில் ஜே.இ.இ. முதல் அமர்வு, அடுத்துச் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு என வரிசையாக வருவதால் அம்மூன்று மாதங்களும் வாரம் ஒருமணி சாதகம் போதும். மைதானத்தில் விளையாடுவோர் மட்டும் மாலை அரைமணி ஓட்டத்தை விடவேண்டா. உடல் அசையாமல் பத்து மணி நேரம் அமர்ந்த பிள்ளை, படித்ததைவிடக் கொட்டாவி விட்டதே மிகுதி என்பதை வகுப்பறையில் பல்லாண்டு கண்டிருக்கிறோம்.

பிள்ளையே முன்வந்து "இந்த ஆண்டு வேண்டா" என்று சொன்னால் வற்புறுத்தலாகாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடுவது முறையன்று. பயிற்சி தரும் ஆசிரியரிடம் பிள்ளையும் பெற்றோரும் நேரில் சென்று காரணம் கூறி, தேர்வுகள் முடிந்தபின் மீண்டும் எந்த நாளில் வரலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரவேண்டும்.