கட்டிய உலகைக் காக்கும் மென்பொருள்

நுழையும் முன்

பலர் கூடிக் கட்டும் கணினி விளையாட்டு உலகம் ஏதேனும் ஒரு கணினியில் இருந்துகொண்டுதான் இயங்க வேண்டும். அவ்வுலகை இயக்கும் மென்பொருளை எவற்றை எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மைன்கிராஃப்ட் விளையாட்டின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

விளையாட்டும் சேவையகமும்

சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் உருவாக்கிய மைன்கிராஃப்ட் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலாக மக்களின் பார்வைக்கு வந்தது. அதன் முழுப் பதிப்பு 2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளியானது. கல், மண், மரம் எனக் கனசதுரக் கட்டிகளால் ஆனது அவ்வுலகம். ஆடுவோர் அங்கே நிலத்தைத் தோண்டுகின்றனர், பொருள்களைச் சேர்க்கின்றனர், வீடும் கோட்டையும் நகரும் எழுப்புகின்றனர்.

தனியாக ஆடுபவருக்குத் தம் கணினியே போதும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு நகரைக் கட்ட விரும்பினால், அவர்கள் அனைவரும் இணையத்தக்க பொதுக் கணினி ஒன்று வேண்டும். அதுவே சேவையகம். ஒருவர் ஒரு கல்லை வைத்ததும் சேவையகம் அதனைக் குறித்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தெரிவிக்கிறது. நகரின் மெய்யான வடிவம் சேவையகத்தில்தான் உள்ளது. அதில் பழுது நேர்ந்தால் பல மாத உழைப்பு ஒரு நாளில் அழியக்கூடும். ஆகவே, சேவையக மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் பிறருடைய உழைப்புக்கும் காவலர் ஆகிறார்.

முதல் வினா

மைன்கிராஃப்ட் இன்று ஜாவா, பெட்ராக் என்னும் இரு பதிப்புகளாக உள்ளது. ஜாவா பதிப்பு மேசைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு உரியது. பெட்ராக் பதிப்பு கைப்பேசியிலும் இயங்கும். இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாக இணைவதில்லை. ‘கீசர்’ என்னும் மென்பொருள் இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் நின்று, பெட்ராக் பதிப்பினரை ஜாவா சேவையகத்துக்குள் வரச் செய்கிறது. எனவே, ‘ஆடுவோர் எந்தக் கருவியில் ஆடுகின்றனர்?’ என்பதே முதலில் கேட்க வேண்டிய வினா.

மூன்று வழிகள்

ஜாவா பதிப்புக்குச் சேவையகம் அமைப்போர்முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமே கட்டணமின்றி வழங்கும் மூலச் சேவையகம். விளையாட்டு எவ்வாறு வகுக்கப்பட்டதோ அவ்வாறே இதில் இயங்கும். ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிறு குழுவுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, ஸ்பிகாட், பேப்பர் முதலிய செருகுநிரல் சேவையகங்கள். ஒருவர் கட்டியதை மற்றொருவர் இடிக்காமல் காக்கவும், யார் எக்கல்லைப் பெயர்த்தார் என்று பதிவு செய்யவும் செருகுநிரல்கள் உள்ளன. அவற்றைச் சேவையகத்தில் மட்டும் நிறுவினால் போதும். ஆடுவோர் தம் கணினியில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

வேகமும் இங்கே கருதத்தக்கது. மைன்கிராஃப்ட் ஒரு நொடியை 20 துடிப்புகளாகப் பகுத்து இயங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் உரிய வேலை 50 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். ஆடுவோரும் விலங்குகளும் பெருகி வேலை மிகுந்தால் உலகமே மெதுவாகிவிடும். பேப்பர் இச்சுமையைக் குறைக்கிறது. எனினும், அதற்காகவும் பிழைகளைத் திருத்துவதற்காகவும் விளையாட்டின் சில நுண்ணிய இயல்புகளை அது மாற்றிவிடுகிறது. ரெட்ஸ்டோன் என்னும் செந்நிறத் துகளைக் கொண்டு நுட்பமான பொறிகளை அமைப்போர், அவற்றுள் சில பேப்பரில் வேறுவிதமாக இயங்குவதைக் காணலாம்.

மூன்றாவது, ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ், ஃபேப்ரிக் முதலியவை. இவை ‘மோட்’ எனப்படும் மாற்றுநிரல்களை ஏற்பவை. இவற்றால் புதிய விலங்குகளையும் கருவிகளையும் விளையாட்டில் சேர்க்க முடியும். ஆனால், பெரும்பாலும் ஆடுவோர் ஒவ்வொருவரும் அதே மாற்றுநிரலைத் தம் கணினியிலும் நிறுவ வேண்டும்.

புக்கிட் தரும் பாடம்

செருகுநிரல் சேவையகங்களின் வரலாற்றில் புக்கிட் முன்னோடியானது. தன்னார்வலர்கள் பலர் அதற்கு நிரல் எழுதித் தந்தனர். தாம் எழுதியதைத் திறந்த மூல உரிமத்தின்கீழ் அளித்தனர். ஆனால், அச்சேவையகத்துக்குள் மொஜாங்கின் தனியுரிம நிரலும் கலந்திருந்தது. இவ்விரண்டும் ஒன்றாக வழங்கப்படுவது உரிமத்துக்கு முரணானது என்று, பங்களித்தவர் ஒருவர் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் முறையிட்டார். உடனே அம்மென்பொருளின் வழங்கல் நின்றது. அதை நம்பியிருந்த சேவையகங்கள் புதிய பதிப்புக்குச் செல்ல வழியின்றித் தவித்தன.

அதிலிருந்து கிளைத்த ஸ்பிகாட் குழுவினர் மாற்றுவழி கண்டனர். முடிந்த மென்பொருளை வழங்காமல், பயனரின் கணினியிலேயே அதனை உருவாக்கிக்கொள்ளும் கருவியை அளித்தனர். ஸ்பிகாட்டிலிருந்து வளர்ந்த பேப்பர், 2024 டிசம்பரில் தனிவழி செல்வதாக அறிவித்தது. மென்பொருளை உருவாக்குவோர் யார், அவர்கள் தொடர்ந்து பேணுகின்றனரா, உரிமம் என்ன சொல்கிறது ஆகியவையும் அதன் வேகத்துக்கு இணையாக எண்ணத்தக்கவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

முழுதும் திறந்த மூலமாகவே அமைந்த தளத்தை விரும்புவோருக்கு ‘லுவாண்டி’ உண்டு. முன்னர் ‘மைன்டெஸ்ட்’ எனப் பெயர் பெற்றிருந்த இது, கட்டிகளால் உலகம் அமைக்கும் வேறொரு தளமாகும்.

தேர்ந்த பின்னர்

தேர்வோடு காவல் முடிவதில்லை. செருகுநிரல்களை நம்பத்தக்க இடத்திலிருந்தே பெற வேண்டும். அனுமதிப் பட்டியலை அமைத்தால் அறிமுகம் இல்லாதவர் உள்ளே நுழைய இயலாது. புதிய பதிப்பில் திறந்த உலகைப் பழைய பதிப்புக்குப் பழுதின்றி மீட்பது அரிது. ஆதலால், எந்த மாற்றத்துக்கும் முன்னர்க் காப்புப்படி எடுத்து வேறிடத்தில் வைப்பது கட்டாயமாகும்.

சொற்பொருள்

சேவையகம் – பலருடைய கணினிகளுக்குப் பொதுவாகத் தொண்டாற்றும் கணினி
செருகுநிரல் – மென்பொருளுக்குக் கூடுதல் திறன் தரும் சிறு நிரல்
உரிமம் – பயன்படுத்துவதற்கான நெறிகளைக் கூறும் ஒப்புதல்
காப்புப்படி – இழப்பு நேர்ந்தால் மீட்பதற்காக எடுத்து வைக்கும் நகல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மைன்கிராஃப்ட் ஒரு நொடியை ______ துடிப்புகளாகப் பகுக்கிறது.
2. இரு பதிப்பினரையும் இணைக்க உதவும் மென்பொருள் ______.

ஆ. குறுவினா
1. நகரின் மெய்யான வடிவம் எங்கே உள்ளது?
2. செருகுநிரலுக்கும் மாற்றுநிரலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

இ. சிறுவினா
புக்கிட்டின் வழங்கல் நின்றதற்கான காரணத்தை விளக்குக.

ஈ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: அவ்வுலகம், இவ்வரலாறு.
2. ‘செருகுநிரல்’ என்பது வினைத்தொகை. இதுபோன்ற இரண்டு சொற்களை எழுதுக.

உ. செயல்பாடு
ஒரு வகுப்பில் 12 மாணவர்கள். நால்வரிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. அனைவரும் சேர்ந்து ஒரு கோட்டை கட்ட விரும்புகின்றனர். அவர்களுக்கு ஏற்ற சேவையகம் எது? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடி எழுதுக.