பின்னுதைப்பும் தோளும் – நியூற்றனின் மூன்றாம் விதி, உந்தம்



துவக்கு என்றதும் எங்களிற் பலரது வீடுகளில் போர்க்காலமே நினைவுக்கு வரும். இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு விளையாட்டு. வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சன்னத் துப்பாக்கியால் சுட்டு உடைப்பது ஒலிம்பிக் போட்டிகளுள் ஒன்றாகும். 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், இவ்விரண்டு தட்டுகளாக எறியப்படும் ‘டபிள் ட்ராப்’ போட்டியில், இந்தியாவின் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 200 தட்டுகளில் 179 ஐ உடைத்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். (2016 இன் பின் இப்போட்டி ஒலிம்பிக்கில் இல்லை.) தட்டுக்கு ஒரு வெடி; ஒரே நாளில் 200 வெடிகள். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி தோளை உதைக்கும். அவ்வளவு உதையையும் தாங்கிக் குறிபார்ப்பது எப்படி? விடை உங்கள் விஞ்ஞானப் பாடத்திலேயே உள்ளது.

1. பின்னுதைப்பு ஏன் ஏற்படுகிறது?

ஒவ்வொரு தாக்கத்துக்கும் பருமனிற் சமனானதும் திசையில் எதிரானதுமான மறுதாக்கம் உண்டு. வெடிமருந்து வாயு சன்னங்களை முன்னே தள்ளும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. இதுவே பின்னுதைப்பு ஆகும். இரு விசைகளும் சமன். அவை தொழிற்படும் நேரமும் சமன். எனவே இரண்டும் பெறும் உந்தங்களும் பருமனிற் சமனாகும்.

உதாரணம்:
சன்னங்களின் மொத்தத் திணிவு = 24 கிராம் = 0.024 கிலோகிராம்
சன்னங்களின் வேகம் = செக்கனுக்கு 400 மீற்றர்
உந்தம் = திணிவு × வேகம் = 0.024 × 400 = 9.6 கிலோகிராம் மீற்றர்/செக்கன்
துப்பாக்கியின் திணிவு = 4 கிலோகிராம்
துப்பாக்கி பின்வரும் வேகம் = 9.6 ÷ 4 = செக்கனுக்கு 2.4 மீற்றர்

(வாயுவின் உந்தத்தை இங்கு புறக்கணித்துள்ளோம். அதையும் சேர்த்தால் உதை சற்றுக் கூடும்.)

2. உதையை எவ்வாறு தாங்கலாம்?

இந்த உந்தத்தை எவராலும் இல்லாமற் செய்ய முடியாது. ஆனால் அது தோளில் ஏற்படுத்தும் விசையைக் குறைக்கலாம்.

விசை = உந்த மாற்றம் ÷ நேரம்

துப்பாக்கி 0.02 செக்கனில் நின்றால் சராசரி விசை 480 நியூற்றன். 0.04 செக்கனில் நின்றால் 240 நியூற்றன் மட்டுமே. நேரம் இரட்டித்தால் விசை பாதியாகும். பின்வரும் நுட்பங்களை இதனோடு பொருத்திப் பாருங்கள்.

அ) துப்பாக்கியின் சோங்கைத் தோட்குழியில் இடைவெளியின்றி அணைத்தல். இடைவெளி இருந்தால் துப்பாக்கி முழு வேகத்துடன் வந்து தோளில் மோதும். அணைத்துப் பிடித்தால் உடலின் திணிவும் துப்பாக்கியுடன் சேர்ந்து பின்வாங்கும், வேகம் குறையும்.
ஆ) வலக்கையாளர் இடக்காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, முன்னே சாய்ந்து நிற்றல். உடல் மெல்லப் பின்செல்வதால் நேரம் கூடும், சமநிலையும் குலையாது.
இ) சோங்கின் முனையில் இறப்பர் மெத்தை பொருத்துதல். மெத்தை அமுங்குவதால் நேரம் கூடும். பரப்பும் கூடினால் அமுக்கம் குறையும்.
ஈ) கன்னத்தைச் சோங்கில் நன்கு பதித்தல். தளர்வாக வைத்தால் சோங்கு கன்னத்தில் அடிக்கும்.

3. உதையை விடப் பெரிய எதிரி

தோள் நோவை விட அந்த நோவைப் பற்றிய பயமே குறியைக் கெடுக்கிறது. பயந்தவர் விசைவில்லை இழுக்குமுன்பே கண்ணை மூடித் தோளை உதறுவார். இதனை அறியப் பயிற்றுநர் ஒரு சோதனை செய்வார். சுடுபவருக்குத் தெரியாமல், வெடிக்காத போலித் தோட்டாவை இடையிற் போடுவார். உதை இல்லாதபோதும் துப்பாக்கி துள்ளினால், துள்ளியது பயமே. மருந்து குறைந்த தோட்டாக்களால், ஒரு நாளைக்குச் சில வெடிகளாகப் பழகினால் இப்பயம் நீங்கும். இவை யாவும் அனுமதி பெற்ற சுடுகளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே செய்யப்பட வேண்டியவை.

4. மாதிரி வினாக்கள்

வினா 1: தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிருமாயின் அவை ஒன்றையொன்று ஏன் அழிப்பதில்லை?
விடை: அவை வெவ்வேறு இரு பொருள்களில் தாக்குவதனால். (பலர் புள்ளி இழக்கும் இடம் இதுவே.)

வினா 2: மேலுள்ள உதாரணத்தில் துப்பாக்கியின் திணிவு 3 கிலோகிராம் எனின் பின்னுதைப்பு வேகம் யாது?
விடை: 9.6 ÷ 3 = செக்கனுக்கு 3.2 மீற்றர். பாரம் குறைந்த துப்பாக்கி கூடுதலாக உதைக்கும்.

நினைவிற் கொள்க: பரீட்சை மண்டபத்திலும் வினாத்தாள் வருமுன்பே தோளை உதறுபவர் உண்டு. கடந்தகால வினாத்தாள்களை நேரம் குறித்து, நாளுக்குச் சிலவாகச் செய்து பழகுங்கள். பழகிய தோளுக்கு உதை புதிதல்ல.