மலிவான சொகுசு வண்டியும் காற்றுப்பையின் வேதியியலும்

சென்ற மாதம் படிவம் 4 மாணவன் ஒருவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். 14 ஆண்டு ஓடிய சொகுசு எஸ்யுவி. "சார், எங்க மாமா இத வாங்கப் போறாரு. புது மைவி வெலைக்கே வருது. வாங்கலாமா?"

மாணவர்களே, பழைய சொகுசு வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கும். ஆனால் அதன் உதிரிபாக விலை இறங்காது. லட்சக்கணக்கான ரிங்கிட் பெறுமான வண்டிக்குச் செய்த பாகம், வண்டி மலிந்த பிறகும் அந்தப் பழைய கணக்கிலேயே விற்கும். பல சொகுசு எஸ்யுவிகளில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. வெப்பமும் ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்யும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் இரண்டு டன் வண்டி நாள்தோறும் போய்வந்தால் பிரேக்குக்கும் வேலை அதிகம்.

இவையெல்லாம் பணம் செலவழித்தால் தீரும். நான் அவனிடம் கேட்டது ஸ்டீரிங்குக்குள் இருக்கும் காற்றுப்பையைப் பற்றி.

மோதலை உணர்ந்ததும் ஒரு சிறு உலோகக் குடுவைக்குள் வேதிப்பொருள் வில்லைகள் எரியும். அதிலிருந்து வரும் வாயு, கண் இமைக்கும் நேரத்துக்குள் பையை நிரப்பும். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் இதற்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. உரமாகவும் கல் குவாரிகளில் வெடிமருந்தாகவும் பயன்படும் அதே பொருள்தான். விலை குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் உறிஞ்சும் தடுப்புப் பொருள் வைக்காத குடுவைகளில், பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறித் தாக்க, வில்லைகளில் நுண்ணிய துளைகள் விழுந்தன.

துளை விழுந்தால் என்ன? பள்ளியில் 'காடார் திண்டாக் பாலாஸ்' என்று படிக்கிறீர்களே, அதுதான் இங்கே வருகிறது. ஈப்போ சுண்ணாம்புக் குன்றிலிருந்து ஒரு கல்லை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள், மெல்ல நுரைக்கும். அதே கல்லைப் பொடித்துப் போட்டால் பொங்கி வழியும். எடை ஒன்றுதான், மேற்பரப்புதான் கூடியது. துளை விழுந்த வில்லையிலும் தீ எல்லாத் துளைகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் பாயும். அழுத்தம் அளவு மீறும். குடுவையே உடைந்து, உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரை நோக்கிப் பாயும்.

2014 ஜூலையில் சரவாக் மாநிலம் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். அவர் ஓட்டியது 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. தகாட்டா காற்றுப்பையால் அமெரிக்காவுக்கு வெளியே நிகழ்ந்த முதல் மரணமாக அது அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் நம் நாட்டில் உயிர்கள் போயின. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில்தான் ஆபத்து மிகுதி. அமெரிக்காவிலும் புளோரிடா போன்ற மாநிலங்களே முன்னுரிமைப் பட்டியலில் இருந்தன. நம் பேராக்கில் இரண்டுக்குமே குறைவில்லை.

விலை உயர்ந்த வண்டி என்றால் தப்பிக்குமா? தப்பாது. ஒரே நிறுவனம் பல கார்களுக்குப் பாகம் கொடுத்ததால் சிட்டியும் சிக்கியது, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எஸ்யுவியும் சிக்கியது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிக் குடுவைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017 ஜூனில் தகாட்டா திவால் மனு கொடுத்தது.

இப்படித் திரும்ப அழைக்கப்பட்ட காற்றுப்பையைக் கார் நிறுவனம் இலவசமாக மாற்றித் தரும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அறிவிப்புக் கடிதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகும். வண்டி மூன்று கை மாறியிருந்தால் நான்காமவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே வாங்குபவர்தான் தேடிப் போக வேண்டும். கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ 17 இலக்கச் சேஸி எண் இருக்கும். (அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது, 1, 0 என்று மயங்கக் கூடாது என்பதற்காக.) அந்த எண்ணை அந்தக் கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்தால், எந்தத் திருத்தம் முடிந்தது, எது பாக்கி என்று சொல்லிவிடுவார்கள்.

மறுவாரம் மாணவன் எண்ணோடு வந்த பதிலையும் சொன்னான். ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை மாற்றியாயிற்று. பக்கத்து இருக்கையில் இன்னும் பழையதே இருக்கிறது. அங்கே உட்காரப் போவது அத்தை. விற்பவர் அதை மாற்றிக்கொண்டு வரட்டும், அதுவரை முன்பணம் கிடையாது என்று மாமா சொல்லிவிட்டாராம்.