ஓராண்டு வாழும் தும்பை

துவைத்து உலர்ந்த வேட்டியை மடிக்கும்போது, "தும்பைப்பூப் போல வெளுத்திருக்கிறது" என்று பாட்டி கூறக் கேட்டிருப்பீர்கள். தூய வெண்மைக்குத் தமிழர் கூறும் உவமை அது. வீரத்தை நிலைநாட்ட இரு வேந்தர் எதிர்நின்று பொரும் போரைத் தொல்காப்பியம் 'தும்பைத் திணை' என்று குறிக்கிறது. அப்போரில் வீரர் சூடிய பூவும் தும்பையே.

மாணவர்களே, இப்பூவை நீங்கள் நேரில் கண்டதுண்டா? அதைக் காணத் தமிழ்நாட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. தும்பை இந்தியச் சமவெளிகளில் பரவலாகத் தானே முளைக்கும் செடியாகும். மலையாளத்தார் இதனைத் தும்ப என்பர். ஓணப் பூக்கோலத்தில் இதற்குத் தனியிடம் உண்டு. கன்னடத்தார் தும்பெ என்றும், தெலுங்கர் தும்மி என்றும் அழைப்பர். மழைக்காலத்தில் உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்திலும் இது நின்றிருக்கக்கூடும்.

செடியை அறிதல்

தும்பை துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் முழங்கால் உயரமே வளரும். இதன் தண்டு நான்கு பட்டைகளை உடையது. விரல்களால் தடவினால் விளிம்புகள் புலப்படும். இலைகள் குறுகி நீண்டவை. இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்தவை. தண்டின் கணுக்களில் பச்சைநிறப் புல்லிகள் பந்துபோல் திரண்டிருக்கும். அவற்றிலிருந்து வெண்பூக்கள் வெளிவரும். பூவின் மேலுதடு சிறு குல்லாய்போல் வளைந்து, வெண்மயிர் போர்த்திருக்கும். கீழுதடு அகன்று விரிந்து, தேன் உண்ண வரும் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அமரும் மேடையாகும்.

வளரும் சூழல்

தும்பைக்கு உரமிட்ட பாத்தி வேண்டா. சாலையோரம், வயல்வரப்பு, தரிசுநிலம், கிளறிப் போட்ட மண் ஆகியவை போதும். ஆனால் இரண்டு தேவைகளை அது விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, நிறைந்த வெயில். மற்றொன்று, நீர் தேங்காத நிலம். மரநிழலிலும் அடர்ந்த புல்லுக்கிடையிலும் அது செழிப்பதில்லை.

விதையே அடுத்த ஆண்டு

வேம்பும் மல்லிகையும் ஆண்டுதோறும் மீண்டும் துளிர்க்கும். தும்பை அவ்வாறு அன்று. அது ஓராண்டுத் தாவரம். மழையில் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை ஈன்றபின் வேரோடு காய்ந்துவிடும். கோடையில் அச்செடியைப் பெரும்பாலும் காண இயலாது. எனினும் அது அழிந்துவிடவில்லை. விதையாக மண்ணில் காத்திருக்கிறது.

ஒவ்வொரு பூவும் உதிர்ந்தபின், புல்லிக் கிண்ணத்தின் அடியில் நான்கு சிறு விதைகள் வரை முற்றும். கிண்ணம் காய்ந்ததும் அவை கீழே உதிரும். அதற்கு முன்பே செடியை வெட்டினால் என்ன நிகழும்? வெட்டிய செடிக்கு அடுத்த ஆண்டில் பிள்ளைகள் இல்லை. ஆண்டுதோறும் அவ்வாறே வெட்டினால், மண்ணிலுள்ள பழைய விதைகளும் குறைந்து, அவ்விடத்தில் தும்பை அற்றுப்போகும். பின்னர் உவமை நம் நாவில் இருக்கும்; பூ நம் கண்முன் இராது.

இதைத் தடுக்கப் பெருமுயற்சி தேவையில்லை. திடலின் ஒரு மூலையில் விதை உதிரும்வரை புல்வெட்டாமல் விட்டால் போதும்.

சொற்பொருள்

பொரும் – போரிடும்
புல்லி – பூவின் அடியில் உள்ள பச்சை இதழ்
ஈன்றபின் – பெற்றெடுத்தபின்
தரிசு – பயிரிடப்படாத நிலம்

வினாக்கள்

1. தும்பைத் தண்டை எவ்வாறு அடையாளம் காணலாம்?
2. தும்பை செழித்து வளரத் தேவையான இரண்டு சூழல்கள் யாவை?
3. கோடையில் காணப்படாத தும்பை மழையில் மீண்டும் தோன்றுவது எவ்வாறு?
4. 'தும்பைப்பூப் போல' என்னும் உவமையை அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.

செயல்பாடு

காய்ந்த தும்பைக் கொத்து ஒன்றை வெள்ளைத்தாளின்மீது மெல்லத் தட்டி விதைகளைச் சேர்க்க. மழைக்காலத் தொடக்கத்தில் அவற்றை இரண்டு தொட்டிகளில் தூவி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைக்க. இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றுக. வாரந்தோறும் உயரத்தை அளந்து, காண்பவற்றைத் தமிழில் குறித்து வருக. தும்பைக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டறிந்து, அக்குறிப்பின் தலைப்பாக எழுதுக.