கம்பெனியைப் பற்றிப் பதிவு போட்டால்...

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கழிப்பறைக்குப் போகவும் அனுமதி வாங்க வேண்டும் என்று கம்பெனி பெயரோடு முகநூலில் எழுதுகிறீர்கள். எழுதியது அத்தனையும் உண்மை. அப்படியும் மறுநாள் ஹெச்.ஆர். அறைக்கு அழைப்பு வரும்.

அங்கே பேச்சுரிமை எடுபடாது. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்தும், அதைக் காட்டித் தனியார் முதலாளியை எதிர்ப்பது கடினம். மேலதிகாரிகளைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் குமுறிய ஊழியருக்குத் தரப்பட்ட சார்ஜ் மெமோவை 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது உண்மைதான். ஆனால் அவர் வேலை பார்த்தது அரசுத் துறை வங்கியான தமிழ்நாடு கிராம வங்கியில். பேசியதும் நாலு சுவருக்குள் இருக்கும் குழுவில்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கொரோனா காலத்தில் கிடங்குத் தொழிலாளரின் பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்ட இரண்டு ஊழியர்களை 2020 ஏப்ரலில் அமேசான் நீக்கியது. அது சட்டவிரோதம் என்ற முடிவுக்கு அங்குள்ள தொழிலாளர் உறவுகள் வாரியம் வந்தது. அடுத்த ஆண்டு, இழந்த சம்பளத்தைக் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வேலை நிலைமை பற்றித் தொழிலாளர்கள் சேர்ந்து பேசுவதை 1935ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு பாதுகாக்கிறது.

இங்கும் தனி ஆளாகக் கிளம்புவதைவிடக் கூட்டாகக் கேட்பது மேல். நாலைந்து பேர் கையெழுத்தோடு முதலில் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் போகட்டும். சங்கம் இருந்தால் அதன் பெயரில். (ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. பலருக்கு இன்னும் தெரியாது.) பிறகும் பொதுவெளியில் எழுதத்தான் வேண்டுமென்றால், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வசவு, வாடிக்கையாளர் பெயர், உள் ஆவணம் எதுவும் வேண்டாம். நிர்வாகம் தேடுவது அதைத்தான்.

பெரும்பாலும் ஆட்களை வீழ்த்துவது பணிநீக்க உத்தரவு அல்ல, ராஜினாமாக் கடிதம். "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா தர்றோம். இல்லேன்னா டெர்மினேஷன்தான்" என்பார்கள். குரல் கனிவாகவே இருக்கும். அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால், நீங்களாகவே போனதாக ஆகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அன்றிரவே, நடந்ததை விவரித்து, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். நியமன உத்தரவும் சம்பளச் சீட்டுகளும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள்.

சார்ஜ் மெமோ வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், விசாரணைக்குப் போங்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே முடித்துவிடுவார்கள்.

வேலையே போய்விட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 45 நாளில் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு நீங்களே நேரடியாகப் போகலாம். மேலாளர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை, உரிமையியல் நீதிமன்றம்தான். பணிநீக்கத் தகராறை எழுப்ப முன்பு மூன்று ஆண்டாக இருந்த காலக்கெடு, புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் இரண்டாகக் குறைந்துவிட்டது.