ஆட்டிசம்: பிள்ளையோடு குடும்பமும் சேரும் மருத்துவம்

ஆட்டிசம் உள்ள பிள்ளை மருத்துவர் முன்னால் இருப்பது சொற்ப நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். குடும்பத்தை மையமாகக் கொண்ட மருத்துவம் இதிலிருந்தே தொடங்குகிறது. பெற்றோரைக் கலந்து முடிவெடுப்பதும், வீட்டு வழக்கத்துக்கு ஏற்ற பயிற்சி தருவதும், தாய் தந்தையின் நலனைக் கணக்கில் கொள்வதும் இதன் அடிப்படை. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இதற்கான சேவைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அரிது. குடும்பம்தான் அவற்றை வரிசையாகக் கோத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தாமதத்தைத் தவிர்க்க வேண்டும். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பாகச் சொல்வதில் பொன்னான மாதங்கள் போய்விடுகின்றன. 12 மாதத்தில் மழலை ஒலியோ கைகாட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் இரு சொல் சேர்ந்து வரவில்லை, பேசிய பேச்சு நின்றுபோனது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தடுப்பூசி போடும் அரசு கிளினிக்கிலேயே தாதியிடம் சொல்லலாம். 18 மாத வாக்கில் அங்கு எம்-சாட் என்னும் கேள்விப் பட்டியல் நிரப்பப்படுகிறது. அது முதற்கட்டச் சோதனை மட்டுமே. ஆட்டிசத்தை உறுதி செய்வது நிபுணர் வேலை. காது கேட்கும் திறனையும் அப்போதே சோதிக்கக் கேட்க வேண்டும்.

அடுத்தது மருத்துவமனைக்கான பரிந்துரைக் கடிதம். நகரின் எல்லையையொட்டி லெம்பா பந்தாயில் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது; கிள்ளான் குடும்பங்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை அருகில். முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சிக்கும் அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரப்பிக்கும் முன்கூட்டியே பதிய முடியுமா என்று கேட்கலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கான ஆயத்தமே பாதி வேலை. பிள்ளை சாப்பிடுவது, விளையாடுவது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது அல்லது திரும்பாதது, அடம் பெருகும் தருணம் ஆகியவற்றைக் கைப்பேசியில் சிறுசிறு காட்சிகளாகப் பதிவுசெய்து வைப்பது நல்லது. புது அறையில் மிரண்டு நிற்கும் பிள்ளையைக் காட்டிலும் அக்காட்சிகள் அதிகம் சொல்லும். பகலில் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால் பாட்டியும் உடன் வர வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் விளக்கும்படி கேட்பதில் தயக்கம் கூடாது. குடும்பத்துக்கு முதலில் தேவையானது என்ன என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்து எழுதிக்கொள்ளலாம். தாகம் எடுத்தால் காட்டத் தெரிவது, இரவு முழுதும் தூங்குவது போன்ற இலக்குகள் போதும். "பேச வேண்டும்" என்னும் பெரிய விருப்பத்தை அவற்றிலிருந்துதான் எட்ட முடியும்.

மொழி பற்றிய குழப்பம் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களை வாட்டுகிறது. தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றும் புழங்கும் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும்படி யாராவது அறிவுறுத்தினால், தாய் தனக்குச் சரளமில்லாத மொழியில் பிள்ளையைக் கொஞ்ச வேண்டியதாகிறது. தாத்தா பாட்டி வாயடைத்துப் போகிறார்கள். இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. எந்த மொழியில் பேச்சும் சிரிப்பும் இயல்பாக வருமோ அதில் பேசுவதே நல்லது. பயிற்சியில் கற்ற சொற்களின் தமிழ் வடிவத்தையும் பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம்.

வீட்டுப் பயிற்சிக்குத் தனி நேரம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி, 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் கொண்டது. அன்றாட வேலைகளையும் விளையாட்டையுமே அது பாடமாக்குகிறது. தோசையை முழுதாக வைக்காமல் சிறு துண்டு கொடுத்து, பிள்ளை பார்க்கவோ கை நீட்டவோ சற்றே காத்திருப்பதும் பயிற்சிதான். முடியிறக்குதல், தைப்பூசக் கூட்டம் போன்றவை சத்தமும் தொடுதலும் தாங்காத பிள்ளைக்குக் கடுமையானவை. கூட்டமில்லாத நேரத்தில் கோயிலுக்குப் போவதும், மொட்டையைத் தள்ளிப்போடுவதும் பக்திக் குறைவு ஆகாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக நலத்துறையின் ஓ.கே.யு. அட்டைக்கு மருத்துவர் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாடு என்னும் வகையில் பதியப்படுகிறது. அரசு மருத்துவக் கட்டண விலக்கு, வருமான வரிக் கழிவு, சிறப்புக் கல்வி வகுப்பு ஆகியவற்றுக்கு இந்தப் பதிவு உதவும். சிலாங்கூர்வாசிகள் மாநில அரசின் அனிஸ் உதவித் திட்டத்தையும் விசாரிக்க வேண்டும். கோலாலம்பூரில் வசிப்போருக்கு அது பொருந்தாது.

தாயின் தூக்கக் குறைவும் மனச்சோர்வும்கூட மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையே. உடன்பிறந்தவருக்கென வாரத்தில் சிறிது நேரமாவது ஒதுக்க வேண்டும். 1980களில் பெற்றோரும் வல்லுநரும் சேர்ந்து உருவாக்கிய நாசோம் எனும் தேசிய ஆட்டிசம் சங்கத்தின் வழியே இதே பாதையில் நடப்பவர்களைச் சந்திக்கலாம்.

ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து எதுவும் இல்லை. தடுப்பூசியால் அது வருவதுமில்லை. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சை ஆபத்தானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலக்குகளைப் பயிற்சியாளருடன் திரும்பப் பார்த்து, பயன் தெரியாததையும் பிள்ளையை வதைப்பதையும் நிறுத்தும்படி கேட்கலாம். அது பெற்றோரின் உரிமை.