களை காட்டும் காமிரா: படவேகத்தைக் கூட்டும் வழிகள்

தரிசு நிலத்தில் ஆங்காங்கே முளைத்திருக்கும் களைக்காக நிலம் முழுவதும் களைக்கொல்லி தெளிப்பது வீண் செலவாகும். களை உள்ள இடத்தில் மட்டும் மருந்து விழுமாறு செய்ய, ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘ஓப்பன்வீட்லொக்கேட்டர்’ என்னும் கருவியை வடிவமைத்தனர். 2022-ஆம் ஆண்டு அதன் செய்முறையை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டனர். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை கணிப்பொறி, காமிரா தரும் படத்தில் பச்சை நிறத்தைக் கண்டறிந்து தெளிப்பான் வால்வைத் திறக்கிறது.

இத்தகைய கருவியைச் சாதாரண வெப்காமிராவைக் கொண்டு அமைப்போர் முதலில் காணும் குறை, படங்கள் மெதுவாக வருவதே. உடனே விலை கூடிய காமிரா வாங்க வேண்டியதில்லை. தடை எங்கே என்று கண்டறிவதே முதல் வேலை.

வேகம் ஏன் தேவை?

கருவியைத் தள்ளுவண்டியில் பொருத்தி விநாடிக்கு 1 மீட்டர் நடப்பதாகக் கொள்வோம். விநாடிக்கு 5 படங்கள் வந்தால், இரு படங்களுக்கு இடையே வண்டி 20 செ.மீ. நகர்ந்துவிடும். 20 படங்கள் வந்தால் 5 செ.மீ. மட்டுமே நகரும். டிராக்டர் விநாடிக்கு 3 மீட்டர் சென்றால், 5 படங்களில் இந்த இடைவெளி 60 செ.மீ. ஆகும். மருந்து களையைத் தாண்டி விழும்.

தடையைக் கண்டறிதல்

களை தேடும் கணக்கை நிறுத்திவிட்டு, 10 விநாடிகளில் எத்தனை படங்கள் வருகின்றன என எண்ண வேண்டும். பின்னர் கணக்குடன் சேர்த்து எண்ண வேண்டும். முதல் எண்ணிக்கையே குறைவாக இருந்தால் குறை காமிராவின் பக்கம் உள்ளது. இரண்டாவது மட்டும் குறைந்தால் கணிப்பொறிக்கு வேலை மிகுதி என்று அறியலாம்.

செய்ய வேண்டியவை

1. வெளிச்சம்: விநாடிக்கு 30 படங்கள் வர, ஒவ்வொரு படமும் 1/30 விநாடிக்குள் எடுக்கப்பட வேண்டும். வெளிச்சம் குறைந்தால் பல காமிராக்கள் தாமாகவே படம் எடுக்கும் நேரத்தை நீட்டிக்கொள்ளும். நல்ல வெளிச்சத்தில் இயக்கி, இந்த நேரத்தை நிலையாக அமைத்தல் நலம்.

2. பட அளவு: 1920×1080 அளவுள்ள படம் சுருக்கப்படாமல் வந்தால் சுமார் 41 லட்சம் பைட் ஆகும். விநாடிக்கு 30 படங்கள் எனில் 12 கோடி பைட்டுக்கு மேல். யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச அளவே 6 கோடி பைட்தான். எனவே 640×480 அளவுக்குக் குறைக்கவும். பெரிய படம் தேவையெனில், சுருக்கி அனுப்பும் எம்ஜேபிஜி முறையைத் தேர்ந்தெடுக்கவும். 320×240 ஆக்கினால் கணக்கு வேலையும் கால் பங்காகும். ஆனால் சிறு களைகள் தெரியாமல் போகலாம்.

3. வேலைப் பங்கீடு: நாற்றுப் பறிப்பவரே நடவும் செய்தால் நடவு அடிக்கடி நிற்கும். அதுபோலவே படம் வாங்குவதையும் களை தேடுவதையும் ஒரே வரிசையில் செய்தால், ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்கும். ‘திரெட்’ முறையில் படம் வாங்கும் வேலையைத் தனியே ஓடவிட வேண்டும். கடைசியாக வந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதைக் கழித்துவிட வேண்டும். பழைய படத்தைக் கொண்டு வால்வைத் திறந்தால் மருந்து இடம் தவறி விழும்.

4. திரை: சோதனை முடிந்ததும் படத்தைத் திரையில் காட்டுவதை நிறுத்தவும்.

5. சூடும் மின்சாரமும்: ராஸ்பெரி பை 80 டிகிரி செல்சியசைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டிக்குக் காற்றோட்டமும் நிழலும் தேவை. நான்காம் வகைக் கணிப்பொறிக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் மின்சாரம் குறையாமல் கிடைக்க வேண்டும்.

எச்சரிக்கை

திரெட் முறையில் ஒரே படத்தை இருமுறை எடுத்து எண்ணினால், வேகம் கூடியதுபோல் தோன்றும், உண்மையில் கூடாது. புதிய படங்களை மட்டுமே எண்ணவும். பயிர் நிற்கும் வயலில் நிறத்தை மட்டும் கொண்டு களையைப் பிரித்தறிய இயலாது, பயிரும் பச்சையே.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து எண்ணிக்கையைக் குறித்து வரவும். முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி ஓட்டிப் பார்த்து, ஈரம் களையின்மேல் விழுவதை உறுதி செய்த பின்னரே மருந்தைக் கலக்கவும். இதனால் காமிராச் செலவும் மருந்துச் செலவும் மிச்சமாகும்.